பக்கியின் சஸ்பென்ஷனை மாற்றுமுன் வண்டியை எடை போடுங்கள்

டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ டோங்காட்டிலோ, பக்கி எனப்படும் பிக்கப் வண்டிகளான ஹைலக்ஸ், ரேஞ்சர், இசுசு டி-மேக்ஸ் மூன்றில் ஒன்றாவது நிற்காத தெரு இருக்காது. வாரநாளில் சிமென்ட்டும் ஏணியும் சுமக்கும் அதே வண்டிதான் லீவு விட்டால் கூடாரத்தையும் ஃபிரிட்ஜையும் பிரியாணி அண்டாவையும் ஏற்றிக்கொண்டு மலைக்கோ மணல்காட்டுக்கோ கிளம்புகிறது. புதிதாக வாங்கியவர்கள் கடையில் முதலில் கேட்பது, 'எத்தனை அங்குலம் உயர்த்தலாம்?' என்பது. கேட்க வேண்டியது வேறு: எப்போதும் என் வண்டியில் எத்தனை கிலோ இருக்கிறது? ஸ்பிரிங் அதைப் பொறுத்தே தேர்வாகும். உயரம் அதோடு கூட வருவது.

கீழே என்ன இருக்கிறது

இந்த வண்டிகள் எல்லாவற்றிலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. முன்பக்கம் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் மேல் ஆர்ம், கீழ் ஆர்ம், இரண்டுக்கும் நடுவே ஸ்ட்ரட், அதாவது சுருள் ஸ்பிரிங் சூழ்ந்த ஷாக். பின்பக்கம் முழு அச்சு, அதன்மேல் கமான் பட்டைகள் (அடுக்கிய இரும்புப் பட்டைகளாலான ஸ்பிரிங்), தனியாக இரண்டு ஷாக் அப்சார்பர். ரேஞ்சர் ராப்டர் மட்டும் விதிவிலக்கு, அதற்குப் பின்னாலும் சுருள் ஸ்பிரிங்தான். கமான் பட்டை பற்றி இந்தக் கட்டுரை சொல்வது அதற்குப் பொருந்தாது.

எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது ஷாக். வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து கிடந்தால் புது ஷாக் போட்டுப் பயனில்லை. மேட்டில் ஏறி இறங்கியதும் வண்டி மூன்று நான்கு முறை குதித்தால் ஸ்பிரிங்கை மாற்றிப் பயனில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பணத்தை விட்டவர்கள் ஏராளம்.

எடை

பழைய இரும்புக் கடைகளிலும் லாரி நிறுத்தங்களிலும் எடைமேடை இருக்கும். சிறு கட்டணத்துக்கு எடை போட்டுச் சீட்டு தருவார்கள். வழக்கமாகப் பயணம் போகிற சாமான்களோடு மூன்று முறை எடை போடச் சொல்லுங்கள்: முன்சக்கரங்கள் மட்டும் மேடையில், பின்சக்கரங்கள் மட்டும் மேடையில், பிறகு முழு வண்டி. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தகட்டில் மொத்த அனுமதி எடையும், ஒவ்வோர் அச்சுக்குமான எடையும் அச்சிட்டிருக்கும். இரண்டையும் ஒப்பிடுங்கள்.

எடைமேடைக்குப் போக முடியாவிட்டால் கையால் கூட்டிப் பாருங்கள். இரும்பு புல்-பார் (முன்பக்கக் காப்புச் சட்டம்) 65 கிலோ, வின்ச் (வண்டியை இழுக்கும் கயிற்று மோட்டார்) 35, இரண்டாவது பேட்டரி 22. இவை முன்னால். ஃபைபர் கனோபி (பின்பெட்டியின் மூடி) 80, கூரைக் கூடாரம் 60, பின்னால் இழுப்பறைப் பெட்டி 70, நிரம்பிய ஃபிரிட்ஜ் 45, தண்ணீர் 60 லிட்டர் என்றால் 60 கிலோ. இதுவே 437 ஆகிவிட்டது. பெரியவர்கள் நான்கு பேர் ஏறினால் இன்னொரு 300. டபுள் கேப் (இரண்டு வரிசை சீட் உள்ள) வண்டிகளின் சுமைத்திறன் மாடலைப் பொறுத்து ஏறத்தாழ 750 முதல் 1,000 கிலோவரைதான். பையும் சாப்பாடும் பிரைக்கு (வெளியில் இறைச்சி சுட) விறகும் இன்னும் ஏறவே இல்லை.

ஒன்றை மனத்தில் வையுங்கள். கனமான ஸ்பிரிங் போட்டதால் தகட்டில் உள்ள அனுமதி எடை ஒரு கிலோகூட அதிகரிக்காது. பிரேக், அச்சு, பேரிங், சேஸிஸ் எல்லாம் பழையவைதான். வண்டி நிமிர்ந்து நிற்பதாலேயே சுமை சரி என்று ஆகிவிடாது.

எந்த ஸ்பிரிங்

பின் கமான் பட்டைகளை விற்பவர்கள் பொதுவாக 'வெறும் வண்டி', '300 கிலோ நிரந்தரச் சுமை', '500 கிலோ நிரந்தரச் சுமை' என்பதுபோல் பிரித்து வைத்திருப்பார்கள். இதில் கவனிக்க வேண்டியது நிரந்தரம் என்பதை. மேலே சொன்ன கணக்கில் கனோபி, கூடாரம், இழுப்பறை மூன்றும் எப்போதும் வண்டியில் இருப்பவை: 210 கிலோ. ஆட்களும் தண்ணீரும் ஏறி இறங்குபவர்கள். ஆகவே இந்த வண்டிக்கு 300 கிலோ பட்டை பொருத்தம். 'எதற்கும் இருக்கட்டும்' என்று 500 வாங்கினால் வேலைநாளில் வெறும் பின்பக்கம் தூக்கித் தூக்கி அடிக்கும். ஈரமான மண்சாலை வளைவில் பின்சக்கரம் பிடிப்பு இழந்து துள்ளும். பின் சீட்டில் உட்கார்ந்த பாட்டி உங்களைச் சும்மா விடமாட்டார்.

வாரத்தில் ஐந்து நாள் காலி, வருடத்தில் இரண்டு முறை முழுச் சுமை என்றால், இலகுவான பட்டைதான் சரி. சுமை கூடும் நாட்களுக்குக் காற்றுப் பை வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். கமான் பட்டை வண்டியில் அதை யோசித்துச் செய்யுங்கள். பட்டை தன் சுமையைச் சேஸிஸில் முன்னும் பின்னும் இரண்டு இடத்தில் இறக்குகிறது. அச்சுக்கு நேர்மேலே வைத்த காற்றுப் பை சுமையை ஒரே இடத்தில் குத்துகிறது. டபுள் கேப்பில் லோட்பின் எனும் சாமான் பெட்டியின் பெரும்பகுதி அச்சுக்குப் பின்னால் நீண்டிருக்கிறது. அதில் கனமும் ஏற்றி, காற்றையும் ஊதி, அலையலையான மண்சாலையில் ஓட்டினால் கேபினுக்கும் லோட்பினுக்கும் இடையே சேஸிஸ் வளைந்துவிடுகிறது. போட்டே ஆகவேண்டும் என்றால் தயாரிப்பாளர் சொன்ன குறைந்த அழுத்தத்தில் வைத்து, சுமையை முன்னுக்கு நகர்த்துங்கள்.

முன்பக்கச் சுருளுக்கும் இதே கணக்கு. புல்-பாரும் வின்ச்சும் இல்லாத வண்டிக்குப் புல்-பார் ஸ்பிரிங் வாங்கக் கூடாது. இடம், வலம் என்று பெட்டியில் குறி இருந்தால் அதை மதியுங்கள். ஒருபக்கச் சாய்வை ஈடுகட்ட சில கிட்களில் இரண்டு சுருளும் சற்றே வேறு உயரத்தில் வரும்.

ஸ்பேசர் வைத்து உயர்த்துவது

மலிவான வழி, ஆகவே எல்லோரும் கேட்கிறார்கள். ஸ்ட்ரட்டின் தலையில் 20 மி.மீ. தடிப்புள்ள வட்டு ஒன்றை வைத்தால் வண்டி ஏறத்தாழ 40 மி.மீ. உயரும். ஸ்ட்ரட் கீழ் ஆர்மின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருப்பதால் சக்கரம் இருக்கும் நுனியில் அசைவு பெருகுகிறது. சிக்கலும் அங்கேதான். சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஆர்ம் முன்பைவிடக் கீழே போகிறது. மேல் பால் ஜாயின்ட் தன் எல்லையில் முட்டும், முன்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சிவி ஜாயின்ட் அதிகக் கோணத்தில் சுழலும், அதன் ரப்பர் உறை மடிப்பில் உரசிக் கிழியும். கிழிந்த உறைக்குள் மணல் புகுந்தால் ஜாயின்ட் சில ஆயிரம் கிலோமீட்டரில் 'டக் டக்' என்று பேச ஆரம்பித்துவிடும். எடைக்கேற்ற சரியான சுருள் இதைவிடச் செலவு. ஆனால் வேலை நீடித்து நிற்கும்.

எதைப் போட்டாலும் முன்பக்கம் 40 முதல் 50 மி.மீ. உயர்வோடு நிறுத்துங்கள். அதைத் தாண்டினால் மேல் ஆர்ம் மாற்ற வேண்டும், முன் டிஃபரன்ஷியலைக் கீழிறக்கும் கிட் வேண்டும், பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ராப்பெல்லர் ஷாஃப்டின் நடு பேரிங்கைச் சரிசெய்ய வேண்டும். லெசோத்தோவுக்கு ஏறும் சானி கணவாய்க்கு இதெல்லாம் தேவையில்லை. தென்னாப்பிரிக்கச் சோதனைச்சாவடியைத் தாண்டி மேலே ஃபோர் பை ஃபோர் வண்டிக்கு மட்டுமே அனுமதி என்றாலும், 2,876 மீட்டர் உச்சிவரை நல்ல டயரும் நல்ல ஷாக்கும் உள்ள சாதாரண உயர வண்டிகள் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஷாக்: எதிரி பள்ளமல்ல, சூடு

கலஹாடி பூங்காவின் மண்சாலைகளிலும் ரிக்டர்ஸ்ஃபெல்ட் போகும் வழியிலும் ஷாக்கைக் கொல்வது பெரிய பள்ளம் அல்ல. மணிக்கணக்காக ஓயாமல் அடிக்கும் சிற்றலைகள்தான். ஒவ்வோர் அடியிலும் ஷாக் தன் எண்ணெயைச் சிறு துளைகள் வழியே தள்ளி அசைவைச் சூடாக மாற்றுகிறது. சூடு ஏற ஏற எண்ணெய் இளகும், நுரைக்கும். நுரைக்கு அடக்கும் சக்தி கிடையாது. வண்டி மிதக்கத் தொடங்கும். அந்த நிலையில் வளைவு வந்தால் பின்பக்கம் சறுக்கிக்கொண்டு போகும்.

இரட்டைக் குழாய் ஷாக்கில் எண்ணெய் அதிகம், வெளிக்குழாயில் கல் பட்டுச் சொட்டை விழுந்தாலும் பெரும்பாலும் வேலை செய்யும். உள்ளே நுரைப்பஞ்சு வைத்த வகையில் எண்ணெயோடு வாயு கலக்க வழியில்லை, ஆகவே நுரை தாமதமாகும். ஒற்றைக் குழாய் வாயு ஷாக் சூட்டைச் சீக்கிரம் வெளியே விடும், ஸ்டீயரிங் கூர்மையாக இருக்கும். ஆனால் அதே சொட்டை பிஸ்டனைப் பிடித்துவிடும். எண்ணெய்க்குத் தனி டப்பா வைத்த வகை வேகமாக ஓட்டுபவர்களுக்கு. குடும்பத்தோடு போகும் பாரமான வண்டிக்குத் தடித்த உடலுள்ள நுரைப்பஞ்சு வகையே என் தேர்வு. பணம் குறைவு என்றால் முதலில் நான்கு ஷாக், பிறகு பின் பட்டை, கடைசியில் முன் சுருள். ஆனால் அப்படிச் செய்தால் முன் ஸ்ட்ரட்டைக் கழற்றும் கூலியை இரண்டு முறை கொடுக்க வேண்டிவரும் என்பதால், முடிந்தால் முன் ஷாக்கையும் சுருளையும் ஒன்றாகச் செய்வது நல்லது.

வேலைக்கு முன்

டர்பன் கடற்காற்றில் கமான் பட்டையின் முன் ஊசி (பட்டையின் முன்முனையைச் சேஸிஸோடு இணைப்பது), புஷ் எனும் ரப்பர் உருளையின் இரும்புக் குழலோடு துருப்பிடித்து ஒன்றாகிவிடும். நாள் குறித்தால் மூன்று நாள் முன்பிருந்தே மாலைதோறும் துரு இளக்கும் எண்ணெயை எல்லா நட்டிலும் தெளியுங்கள். அப்படியும் வராவிட்டால் கிரைண்டரில் அறுக்க வேண்டிவரும். புது ஊசியும் ஷேக்கிளும் (பட்டையின் பின்முனையைத் தாங்கும் அசையும் இணைப்பு) கையில் இல்லாமல் பழையதை அறுக்கத் தொடங்காதீர்கள். ஈஸ்டருக்கும் டிசம்பர் விடுமுறைக்கும் முந்தின வாரங்களில் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் இடம் கிடைக்காது. மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் திருவிழா முடிந்த கையோடு கிளம்புவது திட்டம் என்றால், வேலையை ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள்.

சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் சக்கர நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளந்து எழுதி வையுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று கணக்கைக் கெடுக்கும். உங்களுக்கு வேண்டியவை: இரண்டு நல்ல ஜாக், நான்கு ஸ்டாண்ட், டார்க் ரெஞ்ச், பெரிய சாக்கெட்டுகள், பால் ஜாயின்ட் இழுவி, பட்டையை அச்சோடு கட்டும் யூ-போல்ட் புதிதாக நான்கு, எட்டு நட்டோடு, புது ஸ்ப்ளிட் பின்கள். யூ-போல்ட் ஒருமுறை முறுக்கினால் இழுபட்டு நீண்டுவிடும். பழையதை மறுபடி போடக் கூடாது.

ஸ்ட்ரட்டின் தலையில் மூன்று சிறு நட்டும் நடுவில் ஒரு நட்டும் இருக்கும். நடு நட்டைத் தொடவே வேண்டாம். அழுத்தி வைத்த சுருளைப் பிடித்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். அவிழ்த்தால் ஆளைக் கொல்லும். சுருளையும் ஷாக்கையும் கோக்கும் வேலையைச் சுவரில் பொருத்திய அழுத்தி உள்ள ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து, முழு ஸ்ட்ரட்டாகத் திரும்ப வாங்குங்கள்.

முன்பக்கம்

பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சக்கர நட்டைத் தரையிலேயே இளக்கி, பிறகு தூக்குங்கள். ஸ்டாண்ட் சேஸிஸின் அடியில் நிற்க வேண்டும், ஆர்மின் அடியில் அல்ல. சக்கரத்தைக் கழற்றியதும் ஏபிஎஸ் வயரையும் பிரேக் ஹோஸையும் பிடித்திருக்கும் கிளிப்புகளை அவிழ்த்துவிடுங்கள். ஸ்டெபிலைசர் பாரின் இணைப்புகளை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கழற்றினால் பார் முறுக்கில் இருக்காது, போல்ட் எளிதாக வரும்.

மேல் பால் ஜாயின்டின் ஸ்ப்ளிட் பின்னை எடுத்து நட்டை இளக்குங்கள். முழுதாகக் கழற்றாமல் சில மரை மீதி வையுங்கள். இழுவியால் விடுவித்ததும் ஹப் (சக்கரம் பொருந்தும் பகுதி) சட்டென்று சாயாமல் அந்த நட்டு பிடித்துக்கொள்ளும். பிறகு ஹப்பை ஒரு பட்டையால் கட்டித் தாங்குங்கள். அதன் எடை பிரேக் ஹோஸிலோ சிவி ஜாயின்டிலோ தொங்கக் கூடாது. வெளியே இழுபட்டால் சிவி உள்ளே கழன்றுகொள்ளும். இப்போது ஸ்ட்ரட்டின் கீழ் போல்ட், பிறகு மேலே மூன்று நட்டு. கீழ் ஆர்மை அழுத்திக்கொண்டே ஸ்ட்ரட்டைச் சாய்த்து வெளியே எடுக்கலாம். வராவிட்டால் கீழ் ஆர்மின் உள்பக்க போல்ட்டுகளைச் சற்று இளக்குங்கள், அதற்குமுன் அவற்றின் வட்டத் தகட்டின் நிலையைச் சுண்ணாம்பாலோ பெயிண்டாலோ குறித்துவிடுங்கள். அலைன்மென்ட் அந்தத் தகட்டில்தான் இருக்கிறது.

புது ஸ்ட்ரட்டை வைத்து மேல் நட்டுகளைக் கையால் மட்டும் சுழற்றுங்கள். கீழ் போல்ட், பால் ஜாயின்ட், புது ஸ்ப்ளிட் பின், கடைசியாக மேல் நட்டுகளின் முறுக்கு. எத்தனை நியூட்டன் மீட்டர் என்பதற்கு உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டைப் பாருங்கள். ஹைலக்ஸ் எண்ணை ரேஞ்சருக்குப் போடக் கூடாது.

பின்பக்கம்

ஸ்டாண்ட் சேஸிஸில், ஜாக் அச்சின் அடியில். முதலில் ஷாக்குகளைக் கழற்றுங்கள். பட்டையை ஒரு பக்கம் முடித்தபிறகே மறுபக்கம் தொட வேண்டும். இரண்டையும் ஒன்றாக அவிழ்த்தால் அச்சு உருண்டு ப்ராப்பெல்லர் ஷாஃப்டையும் ஹோஸையும் இழுக்கும்.

யூ-போல்ட்டுகளை எடுத்து அச்சை மெல்ல இறக்குங்கள். இறங்கும்போது கண் பிரேக் ஹோஸ், ஹேண்ட்பிரேக் கேபிள், டிஃபரன்ஷியல் மூச்சுக்குழாய் மூன்றிலும் இருக்கட்டும். எதுவும் விறைத்து நின்றால் அது உயர்த்திய வண்டிக்கு நீளம் போதாது. ஷேக்கிள், பிறகு முன் ஊசி, பட்டை வெளியே.

புதுப் பட்டையைக் கோக்கும்போது, பட்டைகளை ஒன்றாகப் பிடித்திருக்கும் நடு போல்ட்டின் தலை அச்சில் உள்ள துளைக்குள் சரியாக உட்கார வேண்டும். அரைகுறையாக உட்கார்ந்தால் முறுக்கும்போது ஒன்றும் தெரியாது. சாலையில் பிரேக் அடிக்கும்போது நடு போல்ட் வெட்டுப்பட்டு அச்சு ஒருபக்கம் பின்னால் போய்விடும். யூ-போல்ட் நான்கு நட்டையும் குறுக்குமறுக்காக, மூன்று நான்கு கட்டமாக ஏற்றுங்கள். நான்கிலும் வெளியே தெரியும் மரை ஒரே நீளம் இருக்க வேண்டும்.

அடுத்தது, அதிகம் பேர் தவறவிடும் இடம். ஷேக்கிளையும் முன் ஊசியையும் அச்சு தொங்கிக்கொண்டிருக்கும்போது முறுக்கக் கூடாது. ரப்பர் புஷ் சுழலாது, முறுக்கி நெளிவது மட்டுமே அதன் வேலை. தொங்கும் நிலையில் பூட்டிவிட்டால், வண்டி இறங்கியதும் புஷ் நிரந்தரமாக முறுக்கப்பட்டுச் சில மாதங்களில் கிழிந்துவிடும். உயரமும் பொய்யாகக் கூடுதலாகக் காட்டும். சக்கரம் போட்டு, தரையில் இறக்கி, பம்பரில் ஏறிக் குதித்து உட்காரவைத்து, வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போதே இறுதி முறுக்கு. முன் கீழ் ஆர்மை இளக்கியிருந்தால் அதற்கும் இதே விதி. கிட்டில் பாலியூரிதேன் புஷ் வந்தால் உடன் தரும் கிரீஸைத் தாராளமாகப் பூசுங்கள். ரப்பர் புஷ்ஷுக்குக் கிரீஸ் வேண்டாம், ரப்பரை ஊதவைத்துவிடும்.

சில ஹைலக்ஸ், இசுசு மாடல்களில் பின் அச்சிலிருந்து ஒரு சிறு கம்பி சேஸிஸில் உள்ள பிரேக் வால்வுக்குப் போகும். பின்பக்கம் தாழ்ந்தால் சுமை இருக்கிறது என்று கருதிப் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். நீங்கள் வண்டியை உயர்த்தியதும், வண்டி காலி என்று நினைத்து அழுத்தத்தைக் குறைத்துவிடும். விளைவு, முழுச் சுமையோடு மலை இறங்கும்போது முன் பிரேக் மட்டும் உழைத்துச் சூடாகும். கம்பியின் பிடிமானத்தை உயர்வுக்கேற்ப நகர்த்தும் தகடு கிட்டில் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

சாலைக்கு வந்தபின்

அலைன்மென்ட் அன்றைக்கே. உயர்த்திய வண்டியில் காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சின் முன்பின் சாய்வு) குறையும். ஹைவேயில் 110-இல் போகும்போது ஸ்டீயரிங் நடுவில் நிற்காமல் அலைவது அதனால்தான். டோ (சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும் சரிசெய்து அனுப்பினால் வாங்காதீர்கள். அச்சிட்ட தாளில் காஸ்டர், கேம்பர் (சக்கரத்தின் பக்கச் சாய்வு) இரண்டும் கம்பெனி எல்லைக்குள் இருக்கின்றனவா, இடம் வலம் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். காஸ்டர் எட்டாவிட்டால் மாற்று மேல் ஆர்ம் தேவை. ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் உள்ள வண்டியில் ஸ்டீயரிங் சென்சாரை மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஹெட்லைட் ஒளியையும் தாழ்த்துங்கள், இல்லாவிட்டால் எதிரே வருபவர் சபிப்பார். காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவித்துப் பதில் வாங்கி வையுங்கள்.

50 கிலோமீட்டரில் சக்கர நட்டும் யூ-போல்ட்டும், 500-இல் எல்லா போல்ட்டும், 1,000-இல் இன்னொரு முறை. புதுப் பட்டை இதற்குள் சற்று இறங்கும். அப்போது எடுக்கும் உயர அளவே உண்மையானது. இறங்கியபின் யூ-போல்ட் இளகுவதும் சகஜம். இளகிய யூ-போல்ட்டோடு ஓட்டினால் நடு போல்ட் போய்விடும்.

புறப்படும்போது 'கிளங்' என்று பின்னால் கேட்டால் யூ-போல்ட் அல்லது ஷேக்கிள். 60 முதல் 80-க்குள் தரையில் ஒரு நடுக்கம் வந்து போனால் ப்ராப்பெல்லர் ஷாஃப்டின் கோணம். நடு பேரிங்கில் ஸ்பேசர் வைத்துப் பார்க்கலாம். மேட்டில் சக்கரம் தொங்கும்போது முன்னால் உலோகச் சத்தம் வந்தால் ஸ்ட்ரட் முழு நீளத்தையும் எட்டி முட்டுகிறது, உங்கள் எடைக்குச் சுருள் விறைப்பு அதிகம்.

அலைச்சாலையில் டயர் காற்றை 1.6 முதல் 1.8 பாருக்கு இறக்குங்கள், வேகத்தையும் குறையுங்கள். ஷாக்கின் பாதி வேலையை டயர் எடுத்துக்கொள்ளும். கோசி பேயின் மணல் தடங்களில் 1.0 முதல் 1.2 வரை போகலாம். தார்ச்சாலை வந்ததும் மறக்காமல் நிரப்புங்கள்.

ஒரு மணிநேர அலைச்சாலைக்குப் பின் நிறுத்தி, நான்கு ஷாக்கின் அருகிலும் உள்ளங்கையைக் கொண்டுபோங்கள். தொடாதீர்கள், கொப்பளிக்கும். நான்கும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலை செய்யவில்லை, அதன் பங்கை மற்ற மூன்றும் சுமக்கின்றன. மேல் புஷ் தேய்ந்து போயிருக்கிறதா, எண்ணெய் வழிந்திருக்கிறதா பாருங்கள். தூரப் பயணத்துக்கு ஒரு பின் ஷாக், ஷாக் புஷ் ஒரு ஜோடி, நடு போல்ட் ஒன்று, யூ-போல்ட் ஒரு ஜோடி, அவற்றுக்குரிய சாக்கெட் ஆகியவற்றை இழுப்பறையின் அடியில் போட்டு வையுங்கள்.